அரைப்பேர்

பெக்டரி ஒபிஸ் கழித்துவிட்ட பெட்டியைக்
கொழுந்துச் சாக்கில் சுற்றி
மடியில் வைத்தபடி தலவாக்கலை வந்து இறங்கினாள் ஞானசெல்வி,
மரண உதவிச் சங்கத்துப் பொருளாளர்.
அதற்கும் ஒரு டிக்கட் போட்டானாம் கொண்டக்டர்.

மூடியைக் கழற்றினேன்.
விசிறி நிறையத் தேயிலைத் தூள்,
பதினொரு வருசம் இழுத்த மூச்சு.
தூரிகையால் தட்ட, கடை முழுக்க மணந்தது.
"இது எங்களுக்குத் தர்ற தூள் இல்ல," என்றாள்.
"கப்பலுக்குப் போறது."

மதர்போட் பச்சை பூத்துச் செத்திருந்தது.
ஹட்டனில் முபாரிஸிடம் வேறொன்று வாங்கினேன், பழசுதான்.
ரெம் இரண்டும் கழிசலில் பொறுக்கியது.
டிஸ்க் மட்டும் புதிது.

பக்கத் தகட்டில் லைசன் ஒட்டியிருந்தது.
ஐந்தைந்தாய் இருபத்தைந்து எழுத்து, பாதி தேய்ந்து.
டோர்ச் பிடித்து, முகப்பவுடர் தடவி வாசித்தோம்.
எட்டா, பீயா என்று ஒரு சின்னச் சண்டை.
போட்டேன்.
ஏற்கவில்லை.

இது ஆளுக்குத் தந்த லைசன் இல்லை என்றேன்.
பெட்டிக்குக்கூட இல்லை,
அந்தச் செத்த பலகைக்கு. பலகை போனால் இதுவும் போச்சு.
"எங்க காம்பரா மாதிரி," என்றாள்.
"தோட்டத்துல பேர் இருக்கிற வரைக்கும்."
பிறகு ரோல்ஸ் ஒன்று வாங்கித் தின்றாள்.

முபாரிஸிடம் திருட்டுச் சாவி உண்டு, எழுநூறு ரூபா.
ஆறு மாசம் கட்டாயம் ஓடும் என்பான்.
முழுக்காசுச் சாவி என்றால்
பலகை மாறினாலும் கூடவே வரும்.
விலையைச் சொன்னேன். விரல் மடக்கினாள்.
ஒரு சாவிக்கு இரண்டு சாவின் காசு.

சாவியே போடாமலும் ஓட்டலாம்.
ஆனால் மூலையில் சாம்பல் எழுத்து
செயற்படுத்து செயற்படுத்து என்று நிற்கும்,
சுவர்ப்படம் மாற்ற விடாது.
"ஓ, அரைப்பேர்."
கிலோ குறைந்த நாளில் செக்ரோலில் விழுவது.
பதினாறு வருசமாய்க் கடை வைத்திருக்கிறேன்,
எனக்கு அந்தச் சொல் வரவில்லை.

கடைசியில் லினக்ஸ் இருந்த பென்டிரைவை எடுத்தேன்.
இது சும்மா.
"சும்மா தர்றவன் பிறகு துண்டு அனுப்புவானா?"
அதன் லைசனை வாசிக்கச் சொன்னாள்.
யாரும் கேட்டதில்லை. நானும் வாசித்ததில்லை.
நடுவில் கரண்ட் போய் வந்தது.
தடக்கித் தடக்கித் தமிழில் சொன்னேன்:
ஓட்டலாம். பிரித்துப் பார்க்கலாம். மாற்றலாம்.
படியெடுத்து அடுத்த டிவிசனுக்கும் கொடுக்கலாம்,
கொடுக்கையில் இந்தக் கடுதாசியையும் சேர்த்துக் கொடு.
எந்த உத்தரவாதமும் இல்லை.
"திரும்ப வாசிங்க."
எந்த உத்தரவாதமும் இல்லை.
சிரித்துவிட்டாள்.
"இத முதல்லயே சொல்றவன் இவன் ஒருத்தன்தான்.
இதையே போடுங்க."

நாலு மணிக்கு எல்லாம் ஏறிவிட்டது.
சங்கத்துக் கோப்பைத் திறந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு குடும்பம், இவ்வருசச் சாவு ஒன்பது,
அத்தனையும் ஆங்கில எழுத்தாய், நடுநடுவே அரைப்புள்ளியாய்,
காய்ச்சலில் உளறியதுபோல.
"எங்க ஆள்கள என்ன செஞ்சீங்க?"
பாமினி இல்லை என்றேன்.
"பாமினி யாரு?"
எழுத்துரு. என் மெசினில் இருந்ததை எடுத்துப் போட்டேன்.
மாடசாமி, கீழ் டிவிசன், எண்பத்தொன்று.
வரிவரியாய்த் தமிழுக்கு வந்தார்கள்.
பெயரிடாத குழந்தை, ஆறாம் லயம், இரண்டு நாள்.
"அதுக்கும் முழுக்காசு குடுத்தோம்," என்று
திரையைத் தொட்டு எண்ணினாள். ஒன்பது, சரி.

சாக்கைக் கட்டும்போது கேட்டாள்,
"அந்தப் பாமினிக்கு லைசன் யார்ட்ட இருக்கு?"
எனக்கு அது அச்சகத்து வேலாயுதம் தந்தது.
அவருக்குக் கண்டியில் யாரோ.
கடைசி பஸ் ஹோர்ன் அடித்தது.
தெரியாது என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள். பிறகு
பென்டிரைவிலும் ஒன்று போட்டுத் தரச் சொன்னாள்.